திருமணப் பதிவேட்டில் நம் கொள்ளுப்பாட்டி



மத்தேயு நற்செய்தி ஒரு மூதாதையர் பட்டியலோடு தொடங்குகிறது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நாட்களில் அது திருப்பலியில் வாசிக்கப்படும்போது நம்மில் பலர் பொறுமை இழந்து நெளிவது வழக்கம். ஆண்களின் பெயர்களாகவே நீண்டு செல்லும் அந்தப் பட்டியலில் தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி, மரியா என்று ஐந்து பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் பெயர் சொல்லப்படாமல் கணவரின் பெயராலேயே குறிக்கப்படுகிறார்.

நம் வீட்டுப் பட்டியலை எழுத உட்கார்ந்தால் நிலைமை இதைவிடப் பரிதாபம். அப்பாவின் தாத்தா பெயரைக் கேட்டால் பெரும்பாலோர் சொல்லிவிடுவோம். அவருடைய மனைவியின் பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்போம். அந்த அம்மாள் எந்த ஊரில் பிறந்தவர், அவரைப் பெற்றவர்கள் யார் என்று கேட்டால் வாய் அடைத்துப்போகும். இருநூறு ஆண்டுகளாகக் கத்தோலிக்கராக இருக்கும் குடும்பங்களிலும் இதே நிலைதான். பெண் வழி மூன்று தலைமுறைக்கு மேல் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

அந்தப் பெயர்கள் பல இடங்களில் இன்னும் அழியாமல் இருக்கின்றன. நம் பங்குக் கோவிலின் இரும்புப் பெட்டியில், கறையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் தப்பிக் கிடக்கும் பழைய திருமணப் பதிவேட்டில் அவை இருக்கின்றன. திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு குழந்தையின் தாய்க்குப் பெயர் மட்டுமே இருக்கும். அவர் யாருடைய மகள் என்பது அங்கே இராது. திருமணப் பதிவேட்டில்தான் அவர் ஒருவருடைய மகளாக, ஓர் ஊரைச் சேர்ந்தவராகத் தோன்றுகிறார். இரண்டு குடும்பங்களும் ஒரே வரியில் சந்திக்கும் இடம் அதுதான். ஆகவேதான் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் மற்ற எந்த ஏட்டையும்விடத் திருமண ஏட்டை முதலில் தேடவேண்டும் என்கிறோம்.

பழைய பதிவு என்றதும் பலர் ஆங்கிலேயர் வைத்துப்போன அரசாங்கக் காகிதம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். நம் மக்களைப் பொறுத்தவரை இந்த வழக்கம் ஆங்கிலேயருக்கு முந்தியது. திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் வெளியிட்ட ஆணையில், பங்குக் குருவின் முன்னிலையில், இரண்டு அல்லது மூன்று சாட்சிகளோடு திருமணம் நடைபெற வேண்டும் என்றும், மணமக்கள் பெயர், சாட்சிகள் பெயர், நாள், இடம் ஆகியவற்றைப் பங்குக் குரு ஒரு புத்தகத்தில் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும் என்றும் கட்டளையிட்டது. ஐந்தாம் பவுல் திருத்தந்தை காலத்தில் 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்குநூல் அந்தப் பதிவை எந்த வாசகத்தில் எழுதவேண்டும் என்பதையும் காட்டிற்று. ஐரோப்பாவில் ஒரு மூலையில் இருந்த குருவும், மறவர் நாட்டில் குதிரையேறி ஊர் ஊராகச் சென்ற குருவும் ஏறக்குறைய ஒரே வாசகத்தை எழுதியது இதனால்தான். அந்த வாசகம் ஒன்று பிடிபட்டுவிட்டால், இலத்தீன் படிக்காதவரும் பழைய பதிவேட்டை வாசிக்கலாம்.

இப்படிக் கட்டளையிட்டதற்குக் காரணம் ஒன்று உண்டு. அந்நாளில் ஐரோப்பாவில் இரகசியத் திருமணங்கள் மலிந்திருந்தன. ஆண் ஒருவன் தனிமையில் வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு மறுத்துவிட்டால், பெண்ணுக்கு வழக்குரைக்கச் சாட்சி இல்லை. அதைத் தடுக்கவே சாட்சியும் புத்தகமும் மூன்று முறை ஓலை வாசிப்பதும் வந்தன. பதிவேடு பிறந்ததே பெரும்பாலும் கைவிடப்பட்ட பெண்களுக்காக என்று சொன்னால் அது மிகையாகாது.

மாதிரிக்கு ஒரு பதிவை நாமே அமைத்து வாசித்துப் பார்ப்போம். 1884ஆம் ஆண்டு, ஜூன் 9ஆம் நாள், மூன்று ஓலைகளும் வாசிக்கப்பட்டபின், வேறு தடையில்லாமையால், காலஞ்சென்ற பவுலுஸ் மகன் பெத்ருஸ் என்பவரையும், யோவான்னெஸ் மகள் மக்தலேனா என்பவரையும் திருமணத்தில் இணைத்தேன், சாட்சிகள் அலோய்சியுஸ், யோசேஃபுஸ் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதை வாசிக்கும் இன்றைய தலைமுறைப் பிள்ளை, இவர்கள் வெள்ளைக்காரர்கள் என்று புத்தகத்தை மூடிவிடக்கூடும். உண்மையில் மணமகன் இராயப்பன். அவர் தந்தை சின்னப்பன். மணமகள் மதலேன், அவர் தந்தை அருளப்பன். சாட்சிகள் ஞானப்பிரகாசமும் சூசையும். ஊரில் அவர்களை யாரும் பெத்ருஸ் என்றோ பவுலுஸ் என்றோ கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

இந்தப் பெயர்மாற்றம் அறியாமல் தேட முடியாது. நாம் எல்லோரும் அறிந்த உதாரணம் புனித தேவசகாயம். 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றபோது அவர் ஏற்ற பெயர் லாசர். அதன் பொருளைத் தமிழாக்கினால் தேவசகாயம். இரண்டும் ஒரே பெயர் என்பதை அறியாதவர் இரண்டு மனிதர்களைத் தேடிக்கொண்டிருப்பார். ஆசீர்வாதம் என்பவரை பெனெதிக்துஸ் என்றும், சந்தியாகு அல்லது யாகப்பன் என்பவரை யாக்கோபுஸ் என்றும் இலத்தீன் ஏட்டில் பார்க்கவேண்டும். பிரெஞ்சுக் குரு எழுதிய சவரிமுத்துவும், ஆங்கிலேய எழுத்தர் எழுதிய சவரிமுத்துவும் எழுத்துக் கூட்டலில் அடையாளமே தெரியாதபடி மாறியிருக்கும். ஆகவே பெயரை வாய்விட்டுச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். கண் பிடிக்காததைக் காது பிடித்துவிடும்.

முத்துக்குளித்துறை ஊர்களில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே போர்த்துக்கீசியப் பெயர்கள் குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. பர்னாந்து, கோமஸ், மச்சாது, மிராந்தா என்று பெயர்கள் சிலவே. அவற்றைத் தாங்கும் குடும்பங்களோ ஏராளம். ஒரே ஊரில் ஒரே காலத்தில் ஒரே பெயரில் பல அந்தோணி பர்னாந்துகள் இருந்திருப்பார்கள். இங்கே பெயரை மட்டும் நம்பி யாரையும் தாத்தா என்று ஏற்றுக்கொள்ளக்கூடாது. மணமகளின் பெற்றோர் பெயர், சாட்சிகள், வீட்டுப்பெயர் மூன்றும் பொருந்தினால்தான் அவர் நம்மவர்.

சில சிறிய சொற்கள் பெரிய செய்திகளைச் சொல்லும். தந்தையின் பெயருக்கு முன் 'தெஃபுங்தி' என்ற சொல் இருந்தால் அவர் அந்தத் திருமணத்துக்கு முன்பே இறந்துவிட்டார் என்று பொருள். இறப்புப் பதிவை அதற்கு முந்திய ஆண்டுகளில் தேடலாம். 'விதுவா' என்றால் கைம்பெண். அப்படியானால் அவருக்கு முந்திய ஒரு திருமணப் பதிவும் எங்கோ இருக்கிறது. தந்தையை 'ஜென்தீலிஸ்' என்று குறித்திருந்தால் அவர் கிறிஸ்தவர் அல்லாதவர். அந்நாளைய தமிழ்க் குருக்கள் இதை 'அஞ்ஞானி' என்று எழுதினார்கள். அந்தச் சொல்லை இன்று நாம் பயன்படுத்த மாட்டோம். ஆனால் குடும்ப வரலாற்றில் அது ஓர் எல்லைக்கல். அந்தத் தலைமுறையோடு கோவில் ஏடுகளின் துணை முடிந்துவிடுகிறது; அதற்கு அப்பால் நிலப்பத்திரமும் ஊர் நினைவும்தான் உதவும்.

மாதங்களிலும் ஒரு பொறி உண்டு. ஏழு என்ற எண்ணை எழுதி அதன்பின் 'பிரிஸ்' என்று சேர்த்திருந்தால் அது ஜூலை மாதம் அல்ல, செப்டம்பர். எட்டு அக்டோபர், ஒன்பது நவம்பர், பத்து டிசம்பர். இலத்தீனில் செப்தெம் என்றால் ஏழு. அந்தக் கணக்கில் எழுதியது. இது தெரியாமல் நாளை எழுதிக்கொண்டு போகிறவர்கள், தவறான மாதத்தை வைத்துக்கொண்டு அரசாங்கப் பதிவோடு ஒத்துப்பார்க்கும்போது இரண்டு மாதம் உதைப்பதைக் கண்டு திகைப்பார்கள்.

இப்போது, நம் மக்களின் பதிவேடுகளுக்கே உரிய புதையல் ஒன்றைச் சொல்லவேண்டும். அதுதான் உறவுத் தடை விலக்கு. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணப்பது நமக்கு உரிமை. திருச்சபைச் சட்டத்துக்கோ அது தடை. 1215ஆம் ஆண்டு இலாத்தரன் சங்கம் வகுத்தபடி நான்காம் நிலைவரை இரத்த உறவு தடையாக இருந்தது. 1917இல் வெளியிடப்பட்டு 1918 மே மாதம் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பு அதை மூன்றாம் நிலையாகக் குறைத்தது. எனவே நம் ஊர்க் குருக்கள் ஓயாமல் விலக்கு வாங்க வேண்டியிருந்தது. வாங்கியதைப் பதிவேட்டில் எழுதவும் வேண்டியிருந்தது.

அந்த நாளையக் கணக்கில் 'இரண்டாம் நிலை இரத்த உறவு' என்றால், மணமகனின் பெற்றோரில் ஒருவரும் மணமகளின் பெற்றோரில் ஒருவரும் உடன்பிறந்தவர்கள். சட்டம் இதற்குமேல் வேறுபாடு பார்ப்பதில்லை. பெரியப்பா மகளும் மாமா மகளும் சட்டத்துக்கு ஒன்றே. ஆனால் நமக்கு ஒன்றல்லவே! பெரியப்பா, சித்தப்பா மக்களையும் பெரியம்மா, சின்னம்மா மக்களையும் நாம் அண்ணன் தங்கை என்றே கொள்வோம், மணப்பதில்லை. ஆகவே தமிழ்க் குடும்பத்தின் பதிவில் இரண்டாம் நிலை விலக்கு இருந்தால், இணைக்கும் இருவர் ஓர் அண்ணனும் தங்கையும், அல்லது அக்காவும் தம்பியுமாகத்தான் இருக்க வேண்டும். மணமகனின் தாயும் மணமகளின் தந்தையும் உடன்பிறந்தவர்களா, அல்லது மணமகனின் தந்தையும் மணமகளின் தாயுமா என்று இரண்டு கதவுகளை மட்டும் தட்டினால் போதும். 'இரண்டாம் நிலை, முதலாம் நிலையைத் தொட்டு' என்று எழுதியிருந்தால், நம் வழக்கப்படி அது பெரும்பாலும் அக்காள் மகளைத் தாய்மாமன் மணந்தது. அயல்நாட்டுக் குரு தடை என்று எழுதிவைத்த வரிதான் இன்று நமக்கு மரத்தின் கிளையை வரைந்து காட்டுகிறது.

திருமணம் எந்தப் பங்கில் நடந்திருக்கும் என்பது அடுத்த கேள்வி. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, திருமணம் பொதுவாக மணமகளின் பங்குக் குருமுன் நடைபெற வேண்டும் என்றது. ஊர்வழக்கம் வேறாக இருக்கலாம். என்றாலும் மாப்பிள்ளை ஊரில் தேடிக் கிடைக்காதவர்கள் பெண்ணின் ஊரில் தேடினால் பல நேரங்களில் கிடைக்கிறது. கொள்ளுப்பாட்டியின் பிறந்த ஊர் தெரியாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 1907ஆம் ஆண்டு வெளியாகி, 1908 உயிர்ப்புப் பெருவிழா முதல் நடைமுறைக்கு வந்த 'நே தேமெரே' என்னும் ஆணை, திருமணம் ஆனதை மணமக்களின் திருமுழுக்குப் பதிவின் ஓரத்திலும் குறிக்க வேண்டும் என்றது. வேறு பங்கில் திருமுழுக்குப் பெற்றவராயின் அந்தப் பங்குக்குச் செய்தி அனுப்ப வேண்டும். ஆகவே 1908க்குப் பின் மணமானவர்களுக்கு, திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில் உள்ள சிறிய எழுத்தையும் பார்க்கத் தவறாதீர்கள். பிரதி எழுதித் தருகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது அதைத்தான்.

காலத்தையும் சற்று ஊகிக்கலாம். திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் ஆடம்பரத் திருமணங்களுக்குத் தடை இருந்தது. ஆதலால் உயிர்ப்புக்குப் பின்னும், மூவரசர் திருநாளுக்குப் பின் சாம்பல் புதனுக்கு முன்னுமே பக்கங்கள் நிரம்பியிருக்கும். குரு கிளைக்கிராமத்துக்கு ஆண்டில் சில நாளே வந்த இடங்களில் ஒரே நாளில் பல ஜோடிகள் மணமுடித்திருப்பதையும் பார்க்கலாம். அப்படிப்பட்ட பக்கத்தை விட்டுவிடாமல் முழுவதும் எழுதிக்கொள்ளுங்கள். அக்காளும் தங்கையும் அண்ணனும் தம்பியும் அதே நாளில், அதே சாட்சிகளோடு இருக்கக்கூடும்.

இன்று பங்காக இருக்கும் ஊர் அன்று கிளைக்கிராமமாக இருந்திருக்கும். 1950இல் உருவான பங்கில் 1880ஆம் ஆண்டுப் பதிவேட்டைக் கேட்டுப் பயனில்லை. அதன் தாய்ப் பங்குக்குப் போகவேண்டும். அதோடு, ஒரே ஊரில் இரண்டு திருச்சபை அதிகாரங்கள் செயல்பட்ட காலமும் உண்டு. போர்த்துக்கல் அரசரின் பாதுகாப்புரிமையின்கீழ் வந்த கோவா குருக்கள் ஒரு பக்கம். உரோமையின் விசுவாசப் பரப்புதல் பேராயம் அனுப்பிய பிரெஞ்சுக் குருக்களும் இயேசு சபையினரும் மறு பக்கம். 1838இல் ஆறாம் பத்தாம் என்று எண்ணிக்கை பாராமல் பழைய மறைமாவட்டங்களின் அதிகாரத்தைத் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி நிறுத்திவைத்தபோது பூசல் முற்றியது; 1886ஆம் ஆண்டு உடன்படிக்கை வரும்வரை அது ஓயவில்லை. சண்டையில் குடும்பங்கள் ஒரு கோவிலை விட்டு மறு கோவிலுக்குப் போயின. அண்ணன் திருமணம் ஒரு ஏட்டிலும் தம்பி திருமணம் மற்றதிலும் இருக்கலாம். 1952இல் தஞ்சை மறைமாவட்டம் உருவாகும்வரை அப்பகுதியின் பங்குகள் பல மயிலை ஆயரின்கீழ் இருந்தன என்பதையும் தஞ்சைக்காரர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

அரசாங்கம் எங்கே வருகிறது? 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தில் நமக்கு மிகப் பயனுள்ள ஒரு பிரிவு இருக்கிறது. கத்தோலிக்கக் குரு நடத்தும் திருமணத்தை, அந்த மறைமாவட்ட ஆயர் வகுத்த முறைப்படி பதியவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பதிவுகளின் பட்டியலைப் பிறப்பு, இறப்பு, திருமணங்களின் தலைமைப் பதிவாளருக்கு அனுப்பவேண்டும் என்கிறது முப்பதாம் பிரிவு. ஆகவே கோவில் ஏடு கறையானுக்கு இரையாகிவிட்ட ஊராருக்கும் கதவு ஒன்று மீதி இருக்கிறது. சென்னையில் பதிவுத்துறைத் தலைவர் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கும்போது மணமக்கள் பெயர், கோவில், ஆண்டு மூன்றையும் கொடுக்கவேண்டும். குமரி மாவட்டத்தாருக்கு இது பொருந்தாது. அவர்கள் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பின்பு திருவிதாங்கூர்-கொச்சி நாட்டைச் சேர்ந்திருந்தது. அந்நாளில் இந்தச் சட்டம் அங்கே நடைமுறையில் இருக்கவில்லை. அங்கே கோவில் ஏட்டையே நம்பவேண்டும்.

இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் 1698 முதலான சென்னை மாகாணத் திருச்சபைப் பதிவுகளின் பிரதிகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு, அங்கே எழுதிக் கேட்க நினைப்பவர்கள் உண்டு. அவை பெரும்பாலும் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் உரியவை. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியா ஆலயத்தில் 1680 நவம்பர் 4இல் எலிகு யேல் மணந்ததும், 1753இல் இராபர்ட் கிளைவ் மணந்ததும் நாளோடு நமக்குத் தெரியும். கோட்டைக்கு வெளியே அதே நாட்களில் மணந்த மீனவரையும் நெசவாளரையும் இலண்டனில் தேடுவதைவிட நம் ஊரில் தேடுவதே நல்லது.

புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களின் வழி தனி. 1776 ஜூன் மாதம் பதினாறாம் லூயி அரசர் வெளியிட்ட ஆணைப்படி, குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளில் ஒரு பிரதி வெர்சாய் நகருக்கு அனுப்பப்பட்டது. அந்தப் பிரதிகளும் பிற்காலப் பதிவேடுகளும் இன்று தென் பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரின் கடல்கடந்த நாடுகளின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பல ஏடுகளின் படங்களை அதன் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு அலைகிறவர்களுக்கு ஒரு கொள்ளுத்தாத்தாவின் திருமணப் பதிவு வெறும் நினைவுப்பொருள் அல்ல, வழக்கின் உயிர். அவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி தங்கள் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் அப்போது புதிதாக ஒரு குடும்பப் பெயரைத் தெரிந்துகொண்டார்கள். அந்தப் பெயரை அவர்களுடைய தந்தையின் திருமணப் பதிவில் தேடினால் கிடைக்காது.

யாழ்ப்பாணத்து உறவுகளுக்கு வரலாறு இன்னும் கடினமானது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்தார்கள். திருமணம் சட்டப்படி செல்லவேண்டுமானால், பிள்ளைகளுக்குச் சொத்துரிமை வேண்டுமானால், அவர்களுடைய சீர்திருத்தத் திருச்சபையின் ஏட்டில், ஊர்ப் பள்ளிக்கூடத் தோம்பில், பெயர் ஏறவேண்டும். 1687இல் மாறுவேடத்தில் வந்திறங்கிய புனித யோசேப்பு வாஸ் இரவில் வீடு வீடாகத் திருப்பலி நிறைவேற்றிய மக்களின் பெயர்கள், பகலில் ஒல்லாந்தப் பள்ளிக்கூடத்தில் எழுதப்பட்டவைதாம். ஆகவே அந்தக் காலத்து முன்னோரின் பெயரைப் புரொட்டஸ்தாந்து ஏட்டில் கண்டு, 'நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர் இல்லையோ' என்று மனம் கலங்க வேண்டாம். 1806இல் ஆங்கிலேய ஆளுநர் மெய்ட்லண்ட் கத்தோலிக்கர்மீது இருந்த தடைகளை நீக்கினார். ஒல்லாந்தர் காலத்தில் மிஞ்சியிருக்கும் தோம்புகள் கொழும்பு தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

மொரீசியஸ், நத்தால் முதலிய நாடுகளிலிருந்து வேர் தேடி வருகிறவர்கள் தலைகீழாக நடக்கவேண்டும். 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்த 'துரூரோ' கப்பலிலும் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். கப்பல் பட்டியலில் தந்தை பெயர், ஊர், வட்டம், ஜில்லா கிடைக்கும். கோவில் பெயர் கிடைக்காது. ஊரை வைத்து அன்றைய தாய்ப் பங்கைக் கண்டுபிடிப்பதில் நம் பங்குகள் அவர்களுக்குப் பெரிய உதவி செய்ய முடியும்.

தேடிக் கண்டதை எப்படி ஏற்பது என்பதையும் பேசவேண்டும். சிலர் நம் குடும்பம் பெரிய குடும்பம் என்று நிரூபிக்கவே தேடத் தொடங்குகிறார்கள். பழைய ஏடுகள் பலவற்றில் பெயருக்குப் பக்கத்தில் சாதியும் எழுதப்பட்டிருக்கிறது. திருவருட்சாதனத்தைப் பதிந்த அதே கை அதையும் எழுதியது நமக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அதை அழிக்கவோ, பிரதி எடுக்கும்போது மாற்றி எழுதவோ நமக்கு உரிமையில்லை. அதைக் காட்டிப் பெருமைப்படவும் உரிமையில்லை. வீட்டில் சொல்லிவந்த கதைக்கும் ஏட்டில் இருப்பதற்கும் பொருத்தம் இல்லாமல் போவதும் உண்டு. தந்தை பெயர் தெரியாதவர் என்று எழுதப்பட்ட மணமகனைக் கண்டதும் தேடலையே நிறுத்திவிடுகிறார்கள். தாமாரையும் இராகாபையும் மறைக்காத நற்செய்தியை வாசிக்கும் நாம் அப்படி நிறுத்தவேண்டிய தேவையில்லை.

மணமகளின் வயதைப் பார்த்துத் திடுக்கிடுவோரும் உண்டு. 1918 வரை திருச்சபைச் சட்டப்படி பெண்ணுக்குப் பன்னிரண்டு, ஆணுக்குப் பதினான்கு வயது போதுமாக இருந்தது. பிறகு அது பதினான்கு, பதினாறு ஆனது. சாரதா சட்டம் 1930 ஏப்ரல் 1 முதல் பெண்ணுக்குப் பதினான்கும் ஆணுக்குப் பதினெட்டும் என்று வைத்தது. நம் வீட்டுச் சுவரில் கண்டிப்பான முகத்தோடு தொங்கும் பாட்டி, அந்தப் பக்கத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுமியாக, கையெழுத்துக்குப் பதில் ஒரு சிலுவைக் குறியாக நிற்பார். அந்தக் குறியைக் கண்டபின் அவரைப் பற்றி வீட்டில் பேசும் தொனியே மாறிவிடும் என்பது நம் எண்ணம்.

பங்கு அலுவலகத்துக்குப் போகுமுன் செய்யவேண்டியவை சில. முதலில் வீட்டில் இருக்கும் மூத்தவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். ஏடு இன்னும் இருபது ஆண்டு இருக்கக்கூடும். எண்பத்தைந்து வயது அத்தை இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. பழைய செபப் புத்தகத்தின் முதல் தாள், கல்லறைக் கல்வெட்டு, மூத்த பிள்ளையின் திருமுழுக்கு நாள் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மூத்த பிள்ளை பிறந்த ஆண்டுக்கு முன் பத்து ஆண்டுகள் பார்த்தால் பெரும்பாலும் திருமணம் அகப்படும். மணமகள் சிறு வயதினராயின் இன்னும் சில ஆண்டுகள் பின்னே போகவேண்டும். பிறகு பங்குத்தந்தைக்கு எழுதிக் கேட்டு, அவர் சொல்லும் நாளில் போங்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் சக்கிறிஸ்தில் அவரை மடக்கிக் கேட்டால் எந்தக் குருவும் பெட்டியைத் திறக்கமாட்டார். பதிவேடு பொது நூலகப் புத்தகம் அல்ல. அதில் உயிரோடு இருப்பவர்களின் செய்திகளும் இருக்கின்றன. இணையத்தில் எல்லாம் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் வத்திக்கானின் குருக்கள் பேராயம், மொர்மோன் சபையாரின் வம்சாவளிச் சங்கத்துக்குப் பங்குப் பதிவேடுகளைக் கொடுக்க வேண்டாம் என்று ஆயர்களுக்கு அறிவுறுத்தியது. இறந்த நம் முன்னோருக்கு அவர்கள் தங்கள் முறைப்படி திருமுழுக்கு அளிப்பதே அதற்குக் காரணம்.

ஆனால் வெளியாருக்குக் கொடுக்காதது வேறு, நாமே காப்பாற்றாதது வேறு. பழைய மை தாளையே அரித்துத் தின்கிறது. கிழிந்த இடத்தில் ஒட்டும் செலோடேப் சில ஆண்டுகளில் பழுத்து எழுத்தையும் உரித்துக்கொண்டு வருகிறது. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம் இன்னொரு எமன். பங்கில் நல்ல கேமராவும் பொறுமையும் உள்ள இளைஞர் இருவர் போதும். பங்குத்தந்தையின் மேற்பார்வையில் ஒரு கோடை விடுமுறைக்குள் ஒரு பதிவேட்டைப் படமெடுத்து முடிக்கலாம். படங்களின் ஒரு பிரதி பங்கிலும் மற்றொன்று ஆயரகத்திலும் இருக்கட்டும்.

நவம்பர் 2 வருமுன் இறந்தோர் பெயர்களை எழுதிக் கொடுக்கும் வழக்கம் எல்லாப் பங்குகளிலும் உண்டு. ஏட்டில் ஒரு பெயரைக் கண்டெடுத்தவர்கள், இந்த ஆண்டு அந்தத் தாளில் 'தாத்தா, பாட்டி மற்றும் முன்னோர்' என்று எழுதும் இடத்தில் அந்த அம்மாளின் பெயரையும், அவர் யாருடைய மகள் என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுக்கலாம்.